இரண்டே நாளில் கரையும் முன் டயர்கள்

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். முன்சக்கர இயக்கம் கொண்ட ஹாட்ச்பேக் காரை ஆண்டுக்கு ஆறேழு முறை சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். மென்மையான ரப்பர் கொண்ட நல்ல டயர்களை விலை பார்க்காமல் வாங்கி மாட்டினீர்கள். இரண்டே ட்ராக் டேக்களில் (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாட்கள்) முன் டயர்களின் வெளி ஓரம் நூல் தெரியும் நிலைக்கு நெருங்கிவிட்டது. பின் டயர்களோ வாங்கியபடியே இருக்கின்றன. கடினமான டயருக்கு மாறிவிடுவதா, தடத்துக்குப் போவதைக் குறைத்துக்கொள்வதா, தேய்ந்த இரண்டையும் தூக்கிப் போட்டுவிடுவதா என்று மூன்று கேள்விகள் கேட்கிறீர்கள்.

மூன்றாவதற்குக் கடைசியில் வருகிறேன். முதல் இரண்டுக்கும் என் பதில் இப்போதைக்கு வேண்டாம் என்பதே. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கி.மீ. இருபது நிமிட ஓட்டத்தில் எட்டுச் சுற்று என்றும், நாளுக்கு ஐந்து ஓட்டம் என்றும் வைத்துக்கொண்டால் 150 கி.மீ. வருகிறது, இரண்டு நாளுக்கு 300 கி.மீ. சென்னையிலிருந்து திருச்சி போய்ச் சேரக்கூட அந்தத் தூரம் போதாது. அதே டயர் நெடுஞ்சாலையில் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஆகவே உங்கள் டயரைத் தின்றது தூரமல்ல, வெப்பம். அதிலும் டயர் முழுவதும் பரவாமல் ஓரத்தில் நான்கு விரல் அகலத்தில் மட்டும் குவிந்த வெப்பம். அதைப் பரவச் செய்வதும், தேவைக்கு மேல் உண்டாகாமல் பார்த்துக்கொள்வதும்தான் டயரை நீடிக்கச் செய்யும் வேலையின் பெரும்பகுதி.

இதை நான் ஒரு பழைய மாருதி எஸ்டீமில் ஓட்டத் தொடங்கிய காலத்தில் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கும் இதே தொல்லை இருந்தது. காற்று குறைவாக இருப்பதால்தான் ஓரம் தேய்கிறது என்று யாரோ சொல்ல, நானும் ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். நிலைமை மோசமானதுதான் மிச்சம். ஒரு நாள் ஓட்டம் முடிந்து, தடத்தோரம் கார்களை நிறுத்திப் பார்க்கும் இடமான பிட்டுக்குள் நுழைந்ததும், பக்கத்து அணியின் மூத்த மெக்கானிக் ஒருவர் ஊசிமுனை வெப்பமானியை எடுத்துக்கொண்டு முன் சக்கரத்தருகே மண்டியிட்டார். ஊசியை ரப்பருக்குள் சில மில்லிமீட்டர் இறக்கி, வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்று மூன்று இடங்களில் அளந்து, சாக்பீஸால் டயரின் பக்கச் சுவரான சைடுவாலிலேயே எழுதினார்: 104, 91, 70. பிறகு என்னைப் பார்த்து, "முழு டயருக்குக் காசு குடுத்துட்டு கால் டயர்லதான் ஓட்டுறீங்க, தம்பி" என்றார். அன்று எழுதத் தொடங்கிய குறிப்பேடு இன்றும் என் கருவிப் பெட்டியில் இருக்கிறது.

அந்த மூன்று எண்களுக்குப் பின்னால் இருப்பது கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம். மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்தால் அது எதிர்க் கேம்பர். நம் ஊர்ச் சிறிய கார்களில் ஏறக்குறைய எல்லாமே முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்னும், சுருளும் அதிர்வுத்தாங்கியும் சேர்ந்த தூண் கொண்டவை. திருப்பத்தில் கார் வெளிப்பக்கம் சாயும்போது, சுமையெல்லாம் ஏறும் வெளிச் சக்கரமும் பெரும்பாலும் அதனோடு சேர்ந்து சாய்ந்துவிடுகிறது. சாலைக்காக அமைக்கப்பட்ட காரில் சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருப்பது அரை டிகிரியோ ஒரு டிகிரியோதான். உடல் மூன்று டிகிரி சாய்ந்தால் அந்த அரை டிகிரி எம்மூலைக்கு? டயர் வெளி ஓரத்தின் மேல் ஏறி நின்று அரைபடுகிறது. ஆகவே நிற்கும் நிலையிலேயே 2.5 முதல் 3 டிகிரி வரை எதிர்க் கேம்பர் வைத்தால்தான் திருப்பத்தின் நடுவில் டயர் தட்டையாகத் தரையில் படியும். கேம்பர் போல்ட் எனப்படும் மெலிந்த போல்ட் மாற்றினால் ஒன்று, ஒன்றரை டிகிரி கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் ஸ்ட்ரட்டின் தலையில் நகர்த்தக்கூடிய கேம்பர் பிளேட் பொருத்த வேண்டும். உங்களுக்கு நான் சொல்வது முதலில் போல்ட். இரண்டு டயரின் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

கேம்பர் மாற்றினால் டோவும், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், தானாக மாறிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அலைன்மென்ட் கடையில் கணினித் திரை பச்சை காட்டியதும் வேலை முடிந்ததாக அனுப்பிவிடுவார்கள். அந்தப் பச்சை என்பது தயாரிப்பாளர் அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 16 அங்குல ரிம்மில் ஒரு சக்கரத்துக்கு 1 மி.மீ. டோ இருந்தால் அது ஏறத்தாழ 0.14 டிகிரி. அந்தக் கோணத்தில் ஒரு கிலோமீட்டர் நேராக ஓடினால், அந்த டயர் 2.5 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டுத் தேய்கிறது என்று பொருள். முன் சக்கரங்கள் வெளிநோக்கிச் சற்றுத் திறந்திருந்தால் கார் திருப்பத்துக்குள் சுறுசுறுப்பாக நுழையும் என்பது உண்மைதான். ஆனால் தடத்துக்கு ஓட்டிக்கொண்டே வந்து ஓட்டிக்கொண்டே வீடு திரும்பும் காருக்கு, எதிர்க் கேம்பரும் வெளி டோவும் சேர்ந்தால் நெடுஞ்சாலையிலேயே உள் ஓரம் கரைந்துவிடும். டோவைச் சுழியத்தில் வையுங்கள். கேம்பர் மட்டும் இருந்தால் அன்றாட ஓட்டத்தில் உள் ஓரம் தேய்வது நீங்கள் அஞ்சுவதைவிட மிகக் குறைவு.

அடுத்தது காற்று. "எத்தனை பி.எஸ்.ஐ. வைக்கலாம்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த வெப்பத்தில் என்று சேர்த்துக் கேட்டால்தான் அதற்கு விடை உண்டு. காலையில் டயர் 30 டிகிரியில் இருக்கும்போது 28 பி.எஸ்.ஐ. அடைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளிருக்கும் காற்று 80 டிகிரியை எட்டும்போது அது 35 ஆகிவிடும். ஏறத்தாழ ஏழு டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. என்று நினைவில் வைத்தால் போதும். சித்திரை வெயிலில் பிட்டில் நின்று, ஓடாமலேயே 45 டிகிரிக்குச் சூடேறிய டயரில் நீங்கள் 28 என்று அளந்தால், அது காலையில் அளந்த 28 அல்ல. உள்ளே இரண்டு பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று குறைவாக இருக்கிறது. இரண்டு முன் சக்கரங்களில் ஒன்று வெயிலிலும் மற்றொன்று நிழலிலும் நின்றாலே கணக்கு பிசகிவிடும். ஆகவே குளிர்ந்த நிலையில் அடைக்கும் எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாமல், ஓட்டம் முடிந்து உள்ளே வந்த உடனே சூடாக அளந்து, அந்தச் சூட்டு எண்ணை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் காரின் எடைக்கு, சாலைக்கும் தடத்துக்கும் பொதுவான டயரில், சூடான நிலையில் 33 முதல் 35 வரை வைத்துத் தொடங்கிப் பாருங்கள். அதிலிருந்து மூன்று இட வெப்ப அளவு உங்களை நடத்தும். நடு மட்டும் ஓரங்களைவிடச் சூடாக இருந்தால் காற்று மிகுதி. இரு ஓரங்களும் நடுவைவிடச் சூடாக இருந்தால் காற்று குறைவு. வெளி ஓரம் மட்டும் சூடாக இருந்தால் கேம்பர் போதவில்லை. உள் ஓரம் வெளியைவிட ஐந்து முதல் எட்டு டிகிரி கூடுதலாக இருப்பது, நன்கு அமைத்த முன் சக்கரத்தில் இயல்பு. தொலைவிலிருந்து சுட்டுப் பார்க்கும் துப்பாக்கி போன்ற வெப்பமானி மேல்தோலை மட்டுமே பார்க்கும். அந்தத் தோல் பிட் பாதையைக் கடந்து வருவதற்குள்ளேயே ஆறிவிடுகிறது. ஊசிமுனைக் கருவியைக் கடன் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

நைட்ரஜன் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அதன் உண்மையான நன்மை, அது உலர்ந்து வருவது. சென்னையின் ஈரப்பதத்தில், தண்ணீர் வடிக்காத கம்ப்ரஸரிலிருந்து அடைத்த காற்றில் நீராவி சேர்ந்திருக்கும். சூடேறும்போது அது அழுத்தத்தைக் கணிக்க முடியாதபடி உயர்த்தும். தொட்டியின் அடியிலுள்ள குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு அடைத்தால் நம் தேவைக்கு அதுவே போதும். இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது: தடத்தில் சூடாக இருக்கும்போது காற்றை இறக்கியிருந்தால், ஆறிய பின் அழுத்தம் மிகவும் தாழ்ந்திருக்கும். அப்படியே பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். வாயிலைத் தாண்டுவதற்கு முன் சாலைக்குரிய அழுத்தத்தை அடைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் கை. கேம்பர் போல்ட்டை ஒரு பிற்பகலில் மாற்றிவிடலாம்; கையை மாற்ற எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. ஆனாலும் டயருக்கு ஆயுள் சேர்ப்பதில் இதற்கு ஈடு வேறொன்றில்லை.

டயர் திருப்பத்தில் பிடிப்பைத் தருவதற்கு, அது பார்க்கும் திசைக்கும் உண்மையில் போகும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் இருந்தாக வேண்டும்; அதைச் சறுக்குக் கோணம் என்று சொல்வோம். கோணம் கூடக் கூடப் பிடிப்பும் கூடும், ஓர் எல்லை வரை. அந்த எல்லைக்குப் பிறகு ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பினாலும் பிடிப்பு கூடாது. சூடு மட்டும் கூடும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 25 மீட்டரில், 6 டிகிரி சறுக்குக் கோணத்தில் ரப்பர் பக்கவாட்டில் நொடிக்கு 2.6 மீட்டர் உரசுகிறது. அதை 10 டிகிரிக்குக் கொண்டுபோனால் உரசும் வேகம் 4.3 மீட்டர். பிடிப்பு அப்படியே இருக்க, உண்டாகும் வெப்பம் மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது. முன்சக்கரக் காரில் புதிதாக ஓட்டுபவர் செய்வது இதுவே: வேகத்தோடு உள்ளே நுழைந்து, கார் திரும்பவில்லையே என்று ஸ்டீயரிங்கை மேலும் முறுக்கி, திரும்பாமலேயே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். திருப்புவது, இழுப்பது, பிரேக் பிடிப்பது, மொத்த எடையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் சுமப்பது ஆகிய எல்லாமே அந்த இரண்டு டயர்கள்தான். பின் டயர்கள் கூடவே வருகின்றன, அவ்வளவுதான்.

காது கொடுத்துக் கேளுங்கள். டயர் தன் எல்லையருகே வேலை செய்யும்போது தாழ்ந்த குரலில் முனகும். எல்லை தாண்டியதும் அது உச்சத்தில் அலறும். அலறல் கேட்கும் ஒவ்வொரு நொடியும் பணம் கரைகிறது, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் கெடுகிறது. அந்த நொடியில் ஸ்டீயரிங்கைச் சிறிது தளர்த்திப் பாருங்கள். முறுக்கியபோது திரும்பாத கார், தளர்த்தியபோது திரும்பும். எனக்கு இது முதலில் புரியவே இல்லை. உள்ளுணர்வுக்கு முற்றிலும் எதிரானது. நேர்கோட்டிலேயே பிரேக்கில் பெரும்பகுதியை முடித்து, மீதியை மெல்ல விட்டுக்கொண்டே திருப்பினால் எடை முன் சக்கரத்தின் மேல் இருக்கும், கார் பணிவாகத் திரும்பும். வெளியேறும்போது ஸ்டீயரிங் நேராக நேராகத்தான் கால் கீழே போக வேண்டும். உள் முன் சக்கரம் வெற்றாகச் சுழன்று புகை விட்டால், ஒரே திருப்பத்தில் பல சுற்றுகளின் ரப்பரைச் செலவழித்துவிட்டீர்கள். இன்னொரு பழக்கம்: நண்பர்களை மாறி மாறிப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஓட்டுவது. எழுபது எண்பது கிலோ கூடுதல் சுமையோடு, பக்கத்தில் இருப்பவருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆர்வமும் சேர்ந்துகொள்கிறது. டயருக்கு அந்த இரண்டுமே கேடு.

பிரிட்டனிலும் ஜப்பானிலும் எழுதப்படும் அறிவுரைகளில் டயரைச் சூடேற்றுவது பற்றி நிறைய இருக்கும். நமக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. நண்பகலில் நம் தார்ப்பரப்பு 55 டிகிரியைத் தாண்டிச் சுடும். ஒரு சுற்றிலேயே டயர் வேலைக்குத் தயாராகிவிடும். நம் கவலை அதை ஆற்றுவது. இருபது நிமிடமும் விடாமல் விரட்டாதீர்கள். ஒரு சுற்று மெதுவாக, மூன்று சுற்று முழு வேகத்தில், ஒரு சுற்று ஆறவிட்டு, மீண்டும் மூன்று என்று ஓட்டுங்கள். நான்காவது ஐந்தாவது வேகச் சுற்றில் உங்கள் சுற்று நேரம் எப்படியும் மோசமாகத்தான் போகிறது. ரப்பரின் உட்புறம் கொதித்துக் குமிழி விடுவதும் அப்போதுதான். காலை ஏழெட்டு மணி ஓட்டத்தையும் மாலை ஓட்டத்தையும் முழுமையாகப் பயன்படுத்தி, நண்பகல் ஓட்டத்தில் திருப்பங்களில் கார் போக வேண்டிய கோடுகளையும் பிரேக் பிடிக்க வேண்டிய புள்ளிகளையும் மட்டும் பழகலாம். உச்சி வெயிலில் யாரும் தம் சிறந்த நேரத்தைப் போட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு டயர் முழுச் சூட்டுக்குப் போய் ஆறும் ஒவ்வொரு முறையும் அதன் ரப்பர் சிறிது இறுகுகிறது. உள்ளிருக்கும் கந்தகம் ரப்பரின் சங்கிலிகளை மேலும் மேலும் பிணைத்துக்கொண்டே போவதும், மென்மை தரும் எண்ணெய்கள் வெளியேறுவதும் அதற்குக் காரணம். ஆழம் மீதமிருந்தும் பிடிப்பு இல்லாத டயரை எல்லோரும் பார்த்திருப்போம். பந்தய ரப்பருக்கு நெருக்கமான டயர் புதிதாக மாட்டினால், முதல் ஓட்டத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் படிப்படியாக வேகம் கூட்டி, சறுக்காமல் சீராகச் சூடேற்றி, பிறகு ஒரு முழு நாள் அதைத் தொடாமல் ஆறவிடுங்கள். அந்த ஓய்வில் பிணைப்புகள் சீராக அமைந்து, பின்னால் வரும் கடும் சூட்டை டயர் தாங்கும். சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் நிகழ்ச்சியானால் புது டயரின் முதல் சூட்டைச் சனியன்று கொடுத்துவிடலாம்.

டயர்களை இடம் மாற்றுவது எளிது. ஆனாலும் பெரும்பாலோர் செய்வதில்லை. ஒவ்வொரு ட்ராக் டேக்குப் பிறகும் முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றுங்கள். நான்கும் சேர்ந்து தேயும், சேர்ந்து முதுமையடையும். கடிகார முள் சுற்றும் திசையில் ஓடும் தடத்தில் வலத் திருப்பங்களே கூடுதல் என்பதால் இடப்பக்க டயர்கள் விரைவாகத் தேயும். அதையும் கணக்கில் கொள்ளுங்கள். வெளி ஓரம் தேய்ந்த டயரை ரிம்மிலிருந்து கழற்றி, திருப்பி மாட்டினால் தேயாத உள் ஓரம் வெளியே வந்துவிடும். இரு பக்கமும் ஒரே மாதிரியான பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) அமைப்பு உள்ள டயரில் இது தாராளமாகச் செய்யலாம். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரானால், ரிம்மில் திருப்பி மாட்டிய பின் காரின் மறுபக்கத்துக்கு மாற்றிவிடுங்கள், அம்புக்குறி சரியாகிவிடும். வெளிப்பக்கம் என்று குறிக்கப்பட்ட, உள்ளும் வெளியும் வேறுபட்ட டயரைச் சாலையிலும் ஓடும் காரில் நான் திருப்பி மாட்டமாட்டேன். திருப்பிய ஒவ்வொரு முறையும் பாலன்ஸிங் செய்ய வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகுதான் டயர் வகையை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும். சைடுவாலில் ட்ரெட்வேர் என்று, டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் குறிக்கும் ஓர் எண் இருக்கும். டோயோ ஆர்888ஆர் டயரில் 100, யோகோஹாமா ஏ052 டயரில் 200. அமெரிக்கச் சட்டப்படி, டெக்சாஸில் சான் ஆஞ்சலோ நகரைச் சுற்றியுள்ள பொதுச் சாலைகளில் ஓட்டி, ஓர் ஒப்பீட்டு டயரோடு வைத்துப் பார்த்துத் தருகிற எண் அது. அதைத் தீர்மானித்து அச்சிடுவது அந்தந்த நிறுவனமே. நெடுஞ்சாலைத் தேய்மானத்தைச் சொல்லும் எண்ணை வைத்துத் தடத்தின் தேய்மானத்தைக் கணிக்க முடியாது. ஒரே 200 எண் கொண்ட இரண்டு டயர்களில் ஒன்று மற்றதைப்போல இரு மடங்கு உழைப்பதும் உண்டு. ஓட்டப் பழகும் முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு நல்ல சாலை டயரே சிறந்த ஆசிரியர் என்பது என் உறுதியான கருத்து. அது முன்கூட்டியே அலறி எச்சரிக்கும், மெதுவாகச் சறுக்கும், தவறைப் பொறுக்கும்.

வைத்துப் பாதுகாப்பது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் போடாதீர்கள். ஒட்டிய ரப்பர்த் துணுக்குகளைச் சுரண்டிவிட்டு, கறுப்புப் பாலிதீன் பையில் கட்டி, வெயிலும் வெல்டிங்கும் மோட்டாரும் இல்லாத அறையில் வையுங்கள். ஓட்டம் முடிந்து வந்ததும் கை பிரேக் போடாதீர்கள். டயர் பாலிஷ் எதையும் பட்டன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது வீட்டில் கிடக்கும் அந்த இரண்டு டயர்களுக்கு வருவோம். நல்ல வெளிச்சத்தில் வைத்து, வெளி ஓரத்தைச் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது நூலோ கம்பியோ தட்டுப்பட்டால், சைடுவாலில் சிறு வீக்கம் இருந்தால், பட்டன்களின் அடியில் முடி போன்ற வெடிப்பு தெரிந்தால், அவை தடத்துக்கும் வேண்டாம், சாலைக்கும் வேண்டாம். கத்தியால் கீறிவிட்டுக் கொடுங்கள், வேறு யாரும் வாங்கி மாட்டிவிடக் கூடாது. சைடுவாலிலுள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 2223 என்றால் 2023ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்தது. பழுது எதுவும் இல்லாமல், தேய்மானக் குறி வரையேனும் ரப்பர் மீதமிருந்தால், மேலே சொன்னபடி ரிம்மில் திருப்பி மாட்டி, அடுத்த ட்ராக் டேயில் காய்ந்த தடத்தில் மட்டும், முன்னாலேயே போடுங்கள். இவ்வளவு தேய்ந்த டயர்களைப் பின்னால் போடாதீர்கள், பின் சக்கரம் முன்னதைவிடப் பிடிப்பில் குறைந்தால், வேகத் திருப்பத்தில் காலை எடுத்த கணத்தில் கார் சுழன்றுவிடும். கேம்பர் போல்ட் மாற்றிய பிறகு முதல் ஓட்டத்துக்கு அந்த இரண்டையே பயன்படுத்துங்கள். மூன்று இடங்களிலும் அளந்து பார்த்து, எண்கள் ஒன்றையொன்று நெருங்கிவந்த பிறகு புது டயருக்குப் பணம் கொடுங்கள்.